பஞ்சத்துக்கு ஒரு துளி வெளிச்சம்: கொடைக்கானல் சூரியனும் கடல் பாக்டீரியாவும்

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் எதற்காகக் கட்டப்பட்டது என்று கேட்டால், சூரியனைப் பார்க்கத்தானே என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் பழனி மலை மேல், 2343 மீட்டர் உயரத்தில், அரசாங்கம் அத்தனை காசு செலவழித்ததற்குப் பின்னால் ஒரு சோற்றுக் கேள்வி இருந்தது.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் 50 லட்சம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். பஞ்சம் நடந்துகொண்டிருந்தபோதே, 1877-ல், நார்மன் லாக்கியர் என்ற வானியலாளரும் வில்லியம் ஹன்டர் என்ற அதிகாரியும் சேர்ந்து ஒரு வாதத்தை வைத்தார்கள். சூரியப் புள்ளிகள் சுமார் 11 வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. அவை குறையும் காலத்தில் மதராஸில் மழையும் பொய்க்கிறது. அப்படியென்றால் சூரியனைக் கவனித்தாலே பஞ்சத்தை முன்கூட்டிச் சொல்லிவிடலாம் இல்லையா? சூரியனைத் தினமும் பதிவு செய்ய இந்தியாவில் ஓர் இடம் வேண்டும் என்ற கோரிக்கை இப்படித்தான் வலுப்பெற்றது. மிக்கி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கொடைக்கானல் தேர்வானது. 1895-ல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899-ல் ஆய்வகம் முறைப்படி தொடங்கியது.

சூரியப் புள்ளியை வைத்துப் பஞ்சம் சொல்லும் வித்தை கைகூடவில்லை. பருவமழையின் கணக்கு அவ்வளவு எளிதில்லை. அதோடு, ஊரில் தானியம் இல்லாத நேரத்திலும் துறைமுகத்திலிருந்து தானியம் கப்பலேறியது. அதற்குச் சூரியனைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த மலையில் வேறொரு வித்தை நன்றாகவே வளர்ந்தது: தொட முடியாத பொருளை அதன் வெளிச்சத்தை வைத்தே படிப்பது.

இந்தக் கட்டுரை கடலில் வாழும் பாக்டீரியாக்கள் வெளிச்சத்தைச் சக்தியாக மாற்றிக்கொள்ளும் விதத்தைப் பற்றியது. அதைக் கொடைக்கானலில் ஆரம்பிக்க இரண்டு காரணங்கள் உண்டு. அந்த பாக்டீரியாக்களைக் கண்டுபிடித்ததும் இதே மாதிரியான ஒரு படிக்கும் வித்தையால்தான். அவை வெளிச்சத்தை எதற்குப் பயன்படுத்துகின்றன என்று தேடிப்போனவர்களுக்குக் கிடைத்த விடையும் கடைசியில் பஞ்சத்தில்தான் வந்து நின்றது.

காணாமல் போன நிறங்கள்

சூரிய வெளிச்சத்தைப் பட்டகத்தில் பிரித்தால் வானவில் வரும். நன்றாக விரித்துப் பார்த்தால் அந்த வானவில்லில் நூற்றுக்கணக்கான கறுப்புக் கோடுகள் இருக்கும். 1814-ல் ஃப்ரான்ஹோஃபர் அவற்றை வரிசைப்படுத்தினார். ஒவ்வொரு கோடும் காணாமல் போன ஒரு நிறம். சூரியனின் மேலடுக்கில் இருக்கும் ஏதோ ஒரு தனிமம் அந்த நிறத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. எந்த நிறம் காணோம் என்று பார்த்தால், எடுத்தது யார் என்று தெரிந்துவிடும்.

கொடைக்கானலில் இதையே தினசரி வேலையாகச் செய்தார்கள். ஊதா நிறத்தின் ஓரத்தில், 393 நானோமீட்டர் அருகே, கால்சியம் விழுங்கும் ஒரு கோடு இருக்கிறது. அந்த ஒரே நிறத்தில் சூரியன் முழுவதையும் படமெடுக்கும் கருவியை நிறுவி, கண்ணாடித் தகடுகளில் பதிவு செய்தார்கள். 1907-ல் கொடைக்கானலுக்கு வந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில் சூரியப் புள்ளிகளின் ஓரத்தில் இந்தக் கோடுகள் லேசாக இடம் பெயர்ந்திருப்பதைக் கண்டார். புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுகிறது என்று அதற்கு அர்த்தம். இன்றைக்கும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். 15 கோடி கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு காற்றோட்டத்தை, பழனி மலையில் உட்கார்ந்துகொண்டு ஒரு கோட்டின் நகர்வை வைத்து அளந்திருக்கிறார்கள்.

இந்த விதி சூரியனுக்கு மட்டுமானதில்லை. நாம் பார்க்கும் எந்தப் பொருளின் நிறமும், அது எடுத்துக்கொண்டது போக விட்டுவைத்த மிச்சம்தான். இலை பச்சையாக இருப்பது, அதிலுள்ள பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் எடுத்துக்கொண்டு பச்சையைப் பெரும்பாலும் விட்டுவிடுவதால்.

இதை 1882-ல் அழகாக நிரூபித்தவர் தியோடர் எங்கெல்மன் என்ற ஜெர்மானியர். நுண்ணோக்கியின் அடியில் ஒரு பச்சைப்பாசி இழையை வைத்து, அதன் மேல் குட்டியாக ஒரு வானவில்லை விழச்செய்தார். சுற்றிலும் ஆக்சிஜனைத் தேடி ஓடும் பாக்டீரியாக்களை விட்டார். அவை சிவப்பு விழும் இடத்திலும் நீலம் விழும் இடத்திலும் போய் மொய்த்தன. ஆக்சிஜன் அங்கேதான் வருகிறது, ஆகவே பாசி வேலை செய்வதும் அந்த நிறங்களில்தான். வானியலாளர்கள் வானத்துக்குத் திருப்பிய வித்தையை அவர் ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் திருப்பினார். அடுத்த வருஷமே, வெளிச்சத்தைத் தேடி மொய்க்கும் ஊதா நிற பாக்டீரியாக்களைப் பற்றியும் எழுதினார்.

அவை பச்சையத்துக்கு உறவான ஒரு நிறமியைத்தான் பயன்படுத்துகின்றன. எனவே ‘வெளிச்சத்திலிருந்து சக்தி என்றால் பச்சையம் அல்லது அதன் பங்காளிகள்’ என்ற எண்ணம் நன்றாக வேரூன்றிவிட்டது. கடலில் மிதக்கும் மற்ற பாக்டீரியாக்கள்? அவை பாசிகள் கசியவிடும் கழிவையும் செத்த உயிர்களையும் தின்று பிழைக்கும் கூட்டம் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

உப்பளத்தின் ஊதா

இந்த எண்ணத்தில் விழுந்த முதல் ஓட்டை உப்பிலிருந்து வந்தது.

தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் உப்பளங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உப்பு முற்றும் நேரத்தில் பாத்தித் தண்ணீர் ரோஜா நிறத்துக்கும் சிவப்புக்கும் மாறும். உலகம் முழுக்க உப்பளங்களில் இப்படித்தான். மற்ற உயிர்கள் வாழ முடியாத அடர்ந்த உப்பில் குடியிருக்கும் நுண்ணுயிர்களின் வேலை அது. அவற்றில் ஒன்று ஹாலோபாக்டீரியம். பெயரில்தான் பாக்டீரியா; வகைப்படி அது ஆர்க்கியா என்ற வேறொரு குலம்.

சான் பிரான்சிஸ்கோவில் வால்தர் ஸ்டோக்கெனியஸ் இந்த உயிரின் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு பகுதி பளிச்சென்று ஊதாவாக இருந்தது. கரைப்பானில் போட்டால் ஊதா போய் மஞ்சளாகிவிடும். அங்கே வேலை செய்த டீட்டர் ஓஸ்டர்ஹெல்ட் இதைத் துருவினார். முன்பு தவளையின் விழித்திரையை ஆராய்ந்திருந்த ஆலன் ப்ளாரக்குக்கு அந்த நிறமாற்றம் பழகிய ஒன்றாகத் தெரிந்தது. நிறமி எதுவென்று தேடியபோது கிடைத்தது ரெட்டினால். அதாவது வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம். முருங்கைக்கீரை சாப்பிட்டால் கண்ணுக்கு நல்லது என்று வீட்டில் சொல்வது இதனால்தான். நம் கண்ணில் வெளிச்சத்தைப் பிடிக்கும் அதே மூலக்கூறு, கண்ணே இல்லாத ஓர் உப்பு உயிருக்குள் இருந்தது. 1971-ல் இதை வெளியிட்டார்கள். புரதத்துக்கு பாக்டீரியோரொடாப்சின் என்று பெயர் வைத்தார்கள். 570 நானோமீட்டர் அருகே, மஞ்சள்-பச்சைப் பகுதியை அது விழுங்குகிறது. மிச்சம் நமக்கு ஊதாவாகத் தெரிகிறது.

அது என்ன செய்கிறது? 1973-ல் விடை வந்தது. ஒவ்வொரு முறை வெளிச்சத்தை விழுங்கும்போதும் ரெட்டினால் வளைகிறது. அந்த வளைவில் ஒரு புரோட்டான், அதாவது ஹைட்ரஜனின் கரு, செல்லுக்கு உள்ளிருந்து வெளியே தள்ளப்படுகிறது. சுமார் 10 மில்லி விநாடியில் ரெட்டினால் பழைய வடிவத்துக்குத் திரும்பி அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடுகிறது.

புரோட்டானை வெளியே தள்ளுவதால் என்ன லாபம்? பழனி மலைக்கு மேற்கே ஆனைமலையில் உள்ள காடம்பாறை மின்நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் உபரியாக இருக்கும் நேரத்தில் கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றிவிடுவார்கள். தேவைப்படும்போது திறந்துவிட்டால், இறங்கும் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றி மின்சாரம் தரும். இந்த உயிரும் வெளிச்சத்தால் புரோட்டானை வெளியே ஏற்றி வைக்கிறது. அது திரும்ப உள்ளே இறங்கும் வழியில் ஒரு சுழலும் இயந்திரம் இருக்கிறது. அந்தச் சுழற்சியில் ஏடிபி தயாராகிறது. செல்லுக்குள் எந்த வேலைக்கும் கூலியாகக் கொடுக்கப்படுவது ஏடிபிதான்.

உயிர்களின் சக்திக் கணக்கே இப்படிப்பட்ட ஏற்ற இறக்கத்தில்தான் நடக்கிறது என்று பீட்டர் மிட்செல் 1961-லேயே சொல்லியிருந்தார். பலர் நம்பவில்லை. 1974-ல் எஃப்ரைம் ராக்கரும் ஸ்டோக்கெனியஸும் ஒரு விசித்திரமான கலவை செய்தார்கள். சோயாவிலிருந்து எடுத்த கொழுப்பில் நுண்ணிய குமிழிகள், அதில் உப்பு உயிரின் ஊதாப் புரதம், கூடவே மாட்டு இதயத்திலிருந்து எடுத்த ஏடிபி இயந்திரம். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டோ உறவோ இல்லாதவை. விளக்கைப் போட்டார்கள், ஏடிபி வந்தது. இரண்டு இயந்திரங்களையும் இணைத்தது புரோட்டானின் ஏற்ற இறக்கம் மட்டுமே. மிட்செலுக்கு 1978-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம்ம நாட்டுத் தொடர்பும் இங்கே உண்டு. 1922-ல் அன்றைய பஞ்சாபின் ராய்ப்பூர் கிராமத்தில் பிறந்த ஹர் கோவிந்த் குரானா, மரபணு மொழியைப் படித்ததற்காக 1968-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். பரிசு வாங்கியபின் அதே துறையில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கலாம். அவர் இந்த ஊதாப் புரதத்தின் பக்கம் திரும்பினார். 248 அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் கோர்க்கப்பட்டிருக்கின்றன என்பதை 1979-ல் அவர் குழு வெளியிட்டது. மாஸ்கோவில் ஒவ்சின்னிகோவ் குழுவும் அதே வருஷம் வெளியிட்டது. பிறகு குரானா அந்த மரபணுவையே ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்து, மணிமாலையில் ஒரு மணியை மட்டும் மாற்றுவதுபோல ஓர் அமினோ அமிலத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். புரோட்டான் எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்குத் தாவுகிறது என்பது இப்படித்தான் தெளிவானது.

இத்தனை நடந்தும், 2000 வரைக்கும் பலருக்கு இது உப்பளத்தில் மட்டும் நடக்கும் ஓர் அதிசயமாகவே இருந்தது.

வளர மறுத்த கூட்டம்

கடலில் யாரும் இதைத் தேடாததற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருந்தது. நுண்ணுயிரை ஆராய வேண்டுமென்றால் முதலில் அதைத் தட்டில் வளர்க்க வேண்டும். கடல் நீரை நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு மில்லி லிட்டருக்குப் பல லட்சம் செல்கள் தெரியும். அதே நீரைத் தட்டில் ஊற்றினால் நூற்றில் ஒன்றுகூட வளராது. மிச்சமெல்லாம் யார், என்ன தின்கின்றன, எதுவும் தெரியாது. சூரியனிலிருந்து ஒரு பிடி அள்ளிவர முடியாத வானியலாளர்களின் நிலைமைதான் இவர்களுக்கும். பொருள் கண்ணெதிரே இருக்கிறது, கையில் சிக்கவில்லை.

வானியலாளர்கள் வெளிச்சத்தைப் படித்தார்கள். இவர்கள் டிஎன்ஏ-வைப் படிக்க ஆரம்பித்தார்கள். எந்த உயிரையும் வளர்க்காமல், கடல் நீரை வடிகட்டி, அதிலிருந்த மொத்த டிஎன்ஏ-வையும் எடுத்து, நீண்ட துண்டுகளாகப் பாதுகாத்துப் படிப்பது. கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடா நீரில் எட்வர்ட் டெலாங் குழு இதைச் செய்தது. ஒடெட் பேஜா முதல் ஆசிரியராக 2000 செப்டம்பரில் வந்த கட்டுரையில் அந்தச் செய்தி இருந்தது. எஸ்ஏஆர் 86 என்று எண்ணால் மட்டுமே அறியப்பட்ட, அதுவரை யாரும் வளர்த்திராத ஒரு கடல் பாக்டீரியாவின் டிஎன்ஏ துண்டில், ரொடாப்சின் போன்ற ஒரு மரபணு.

மரபணு இருந்தால் போதுமா, வேலை செய்ய வேண்டாமா? அதை ஆய்வகங்களில் சாதாரணமாகப் புழங்கும் ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து, ரெட்டினாலைக் கலந்தார்கள். செல்கள் சிவந்தன. எந்த நிறம் காணாமல் போகிறது என்று அளந்தார்கள்: 520 நானோமீட்டர், பச்சை. விளக்கைப் போட்டதும் புரோட்டான் வெளியேறியது. புரோட்டியோரொடாப்சின் என்று பெயரிட்டார்கள்.

அதன்பின் தேடிய இடமெல்லாம் கிடைத்தது. 2004-ல் கிரெய்க் வென்டர் குழு சார்காசோ கடல் நீரை மட்டும் படித்து 782 புதிய ரொடாப்சின் மரபணுக்களைச் சொன்னது. கடலில் மிக அதிக எண்ணிக்கையில் இருக்கும் எஸ்ஏஆர் 11 கூட்டத்திலும் அது இருந்தது. தின்று பிழைக்கும் கூட்டம் என்று நினைத்தவர்களில் பெரும்பங்கினர் தலையில் சூரியத் தகட்டோடு திரிந்திருக்கிறார்கள்!

நீலக் கடலுக்கு நீல நிறமி

1921-ல் திருச்சிக்காரரான சி. வி. ராமன் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, இது வானத்தின் பிரதிபலிப்பு மட்டும்தானா என்று கேட்டது பிரபலமான கதை. தண்ணீர் மூலக்கூறுகளே வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன என்று அடுத்த வருஷம் எழுதினார். தண்ணீர் சிவப்பை விழுங்கிவிடுகிறது. அதனால் தெளிந்த கடலில் கீழே போகப் போக எஞ்சுவது நீலம்.

அங்கே வாழ்பவருக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. பச்சையைப் பிடிக்கும் நிறமியை வைத்துக்கொண்டு நீலம் மட்டும் வரும் ஆழத்தில் என்ன செய்ய? 2001-ல் பேஜா, டெலாங் குழு ஹவாய் பக்கத்துக் கடலில் பார்த்தது. மேற்பரப்பில் கிடைத்த புரோட்டியோரொடாப்சின் 527 நானோமீட்டரைப் பிடித்தது. 75 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது 490-ஐ, அதாவது நீலத்தை. இரண்டுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் புரதத்தின் 105-ஆவது இடத்தில் இருக்கும் ஒரே ஓர் அமினோ அமிலம் என்று 2003-ல் காட்டினார்கள். அங்கே லூசின் இருந்தால் பச்சை, குளுட்டமின் இருந்தால் நீலம். குரானா உப்பளப் புரதத்தில் கையால் செய்துபார்த்த மணி மாற்றத்தைக் கடல் தானே செய்துவைத்திருக்கிறது.

சரி, இதனால் என்ன பிரயோஜனம்?

இந்தக் கேள்விதான் ஆராய்ச்சியாளர்களை ரொம்பப் படுத்தியது. இந்த இயந்திரம் சக்தியைத் தருகிறதே தவிர, பச்சையம் உள்ள செடியைப்போல கரியமில வாயுவிலிருந்து சர்க்கரை செய்வதில்லை. உடம்பை வளர்க்கத் தேவையான கார்பனை அது வெளியிலிருந்து தின்றுதான் ஆகவேண்டும். அப்படியென்றால் வெளிச்சத்தால் லாபம் எங்கே?

2005-ல் எஸ்ஏஆர் 11-ஐ வெளிச்சத்திலும் இருட்டிலும் வளர்த்துப் பார்த்தார்கள். வளர்ச்சியில் வித்தியாசமே இல்லை. பெரிய ஏமாற்றம். 2007-ல் லாரா கோமஸ்-கொன்சர்னாவ் குழு மத்தியதரைக் கடலின் டொக்டோனியா என்ற பாக்டீரியாவை எடுத்தது. உணவு மிகக் குறைவாக இருந்தபோது, வெளிச்சத்தில் வைத்தவை இருட்டில் வைத்தவற்றைவிடத் தெளிவாக அதிகம் வளர்ந்தன.

முழு விடை 2010-ல் வந்தது. அந்தமான் கடலில் எடுத்த விப்ரியோ வகை பாக்டீரியா ஒன்றைப் பட்டினி போட்டார்கள். சில நாட்கள் கழித்துப் பார்த்தால், வெளிச்சத்தில் இருந்தவை இருட்டில் இருந்தவற்றைவிட அதிகம் பிழைத்திருந்தன. புரோட்டியோரொடாப்சின் மரபணுவை நீக்கிவிட்டால் அந்த அனுகூலமும் போய்விட்டது. மரபணுவைத் திரும்ப வைத்தால் அனுகூலமும் திரும்பியது. அடுத்த வருஷம் எஸ்ஏஆர் 11-ஐயும் பட்டினி போட்டுப் பார்த்தார்கள். இருட்டில் இருந்தவை தங்கள் உடம்பிலுள்ள கார்பனையே எரித்துச் சுருங்கின. வெளிச்சத்தில் இருந்தவை அவ்வளவு இழக்கவில்லை. 2005-ல் வித்தியாசம் தெரியாததற்குக் காரணம் எளிது, அப்போது அவற்றுக்குச் சாப்பாடு இருந்தது.

ஆகவே இந்த வெளிச்சம் விருந்து இல்லை, பஞ்சகாலத்துக் கஞ்சி. கடலின் பெரும்பகுதி சத்துக் குறைந்த நீர். அங்கே ஒரு பாக்டீரியாவுக்கு அடுத்த வாய் உணவு எப்போது வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. அது வரும்வரை, தன் உடம்பையே தின்று தீர்த்துவிடாமல் தாக்குப்பிடிக்க ஒரு சின்ன வருமானம் வேண்டும். ஒரே ஒரு புரதமும் ஒரு துளி வைட்டமின் ஏ-யும் போதும், அந்த வருமானம் வந்துவிடுகிறது. பச்சையத்தோடு வேலை செய்யும் பெரிய இயந்திரத்தைக் கட்டிப் பராமரிக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது மிக மலிவு. ஏழைக் கடலில் இத்தனை பேரிடம் இது இருப்பதற்குக் காரணமும் அதுதான்.

2019-ல் கோமஸ்-கொன்சர்னாவ் குழு மத்தியதரைக் கடலிலும் அட்லாண்டிக்கிலும் நீரில் இருக்கும் ரெட்டினாலையே நேரடியாக அளந்தது. ரொடாப்சின்கள் பிடிக்கும் சூரிய சக்தி, பச்சையம் பிடிப்பதற்குச் சமமாகவும், சில இடங்களில் அதைவிட அதிகமாகவும் இருக்கலாம் என்று கணக்கிட்டது. சத்து மிகக் குறைந்த இடங்களில்தான் அவற்றின் அளவு அதிகம். கடல் சூடாகி, மேல் நீரும் கீழ் நீரும் கலப்பது குறைந்து, சத்தற்ற பரப்பு விரியும் என்று எதிர்பார்க்கப்படும் இந்தக் காலத்தில் இது சின்ன விஷயமில்லை. கடலில் பச்சையத்தை மட்டும் செயற்கைக்கோளிலிருந்து அளந்துவிட்டு, சூரியன் கடலுக்குக் கொடுத்தது இவ்வளவுதான் என்று கணக்கை மூடிவிட முடியாது.

கொடைக்கானலில் நூறு வருஷத்துக்கும் மேலாக எடுத்த சூரியப் படங்கள் இப்போது கணினியில் ஏற்றப்பட்டிருக்கின்றன. சூரியப் புள்ளியை வைத்துப் பஞ்சத்தைக் கணிக்க அவற்றை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. சூரியனின் காந்தப்புலம் தலைமுறை தலைமுறையாக எப்படி மாறியது என்று கேட்பவர்களுக்கு அவை பொக்கிஷம். கடல் டிஎன்ஏ தொகுப்புகளும் அப்படித்தான் சேர்ந்துகொண்டிருக்கின்றன. ஒரு கேள்விக்காகச் சேர்த்ததை இன்னொரு கேள்வியோடு வருபவர் திறந்து படிக்கிறார். வங்கக் கடலில் ஒரு வாளித் தண்ணீர் மொண்டால், அதிலும் பஞ்சத்துக்குத் துளி வெளிச்சம் சேமிக்கும் கோடிக்கணக்கான செல்கள் இருக்கும். கண்ணுக்கு அது வெறும் உப்புத் தண்ணீர்.